டிரவுட்டுக்கு ஒரு வழி, கெண்டைக்கு வேறு வழி: மலையில் மீன் ஆயப் பழகுகிறவர்களுக்கு

நீலகிரியில் தூண்டில் போடுகிறவர்களும், அணைப்பக்கம் போய் வலையிலிருந்து அப்படியே மீன் வாங்கி வருகிறவர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: நல்ல ஃபில்லெட் கத்தி எது, என்ன விலை ஆகும்? நான் திருப்பிக் கேட்பது, உங்களுக்கு என்ன மீன் கிடைக்கிறது என்று. டிரவுட் கிடைக்கிறவருக்கு ஒரு பதில், சாதாக் கெண்டை கிடைக்கிறவருக்கு அதற்கு நேர் எதிரான பதில், மார்க்கெட்டில் ஜிலேபி மீனும் (திலாப்பியா) கடல் மீனும் வாங்குகிறவருக்கு இன்னொன்று. இதைப் பிரித்துக்கொள்ளாமல் கத்திக்குச் செலவு செய்வது வீண்.

வழி என்று பார்த்தால் நாலு இருக்கிறது. மீனை அப்படியே மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய் வெட்டுக்கூலி கொடுத்து வெட்டி வாங்குவது ஒன்று. அரிவாள்மனையில் உட்கார்ந்து ஆய்ந்து துண்டு போடப் பழகுவது இரண்டாவது. மெல்லிய கத்தி வாங்கி, முதுகெலும்பை ஒட்டி இரண்டு பக்கச் சதையையும் முழுசாக எடுக்கப் பழகுவது மூன்றாவது. ஃபில்லெட் என்று எல்லோரும் ஆசைப்படுவது இதைத்தான். நாலாவதை யாரும் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை: குடலையும் செவுளையும் மட்டும் எடுத்துவிட்டு மீனை முழுசாகச் சமைத்து, முள்ளைத் தட்டில் வைத்து எடுப்பது. மலையில் கிடைக்கும் மீன்களுக்கு இந்த நாலாவது வழி எவ்வளவு பொருந்துகிறது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ஆனால் நாலில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு வேலையை மட்டும் இன்னொருவர் கையில் விடக்கூடாது. வயிற்றைத் திறந்து குடல் எடுப்பதை நீங்களே, மீன் பிடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே செய்தாக வேண்டும். ஊட்டிக் குளிருக்கு ஐஸ் எதற்கு, மீன் சாயங்காலம் வரை தாங்கும் என்று சொல்கிறவர்கள் நிறைய. நமக்குக் குளிர்கிறது என்பதற்காக மீன் கெடாமல் இருக்காது. மீன் தொழிலில் பயன்படுத்தும் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது: ஐஸில் 0 டிகிரியில் கிடக்கும் மீன் கெடும் வேகத்தை ஒன்று என்று வைத்தால், 10 டிகிரியில் அது நாலு மடங்கு, 15 டிகிரியில் ஆறு மடங்குக்கும் மேல். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நாம் நிற்கும் பகல் குளிர் அந்த 15 டிகிரிதான். இரை தின்றுகொண்டிருந்த மீன் என்றால் இன்னும் மோசம், குடலில் இருக்கும் செரிமான நீர் உள்ளிருந்தே வயிற்றுச் சுவரைக் கரைக்க ஆரம்பித்துவிடும். வீட்டுக்கு வந்து திறந்து பார்க்கும்போது விலா முள் சதையை விட்டுப் பிரிந்து நீட்டிக்கொண்டிருந்தால் காரணம் அதுதான். அவலாஞ்சி, எமரால்டு அணைப் பக்கமிருந்து ஊட்டி மார்க்கெட் வந்து, அங்கே கூட்டத்தில் நின்று, வெட்டுகிறவர் கைக்கு மீன் போகிறதற்குள் எவ்வளவு நேரம் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் மார்க்கெட்டில் வெட்டி வாங்குவது என்ற முதல் வழி, மார்க்கெட்டிலேயே வாங்கிய மீனுக்குச் சரி. நீங்கள் பிடித்த மீனுக்கு அதை நான் சொல்லமாட்டேன், குடல் எடுத்து ஐஸில் வைத்துக் கொண்டுபோனாலொழிய.

குடல் எடுப்பது கஷ்டமான வேலை இல்லை. ஒரு மத்தியானத்தில் பிடிபட்டுவிடும். சதை எடுப்பது அப்படி இல்லை, அதற்குக் கிலோக் கணக்கில் மீன் வேண்டும், பொறுமையும் வேண்டும். இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் பலர் இரண்டையுமே தொடாமல் விட்டுவிடுகிறார்கள்.

டிரவுட்டிலிருந்து தொடங்கலாம், இந்த மலையில் ஆசையைக் கிளப்பும் மீன் அதுதான். 1860களில் மீன் ஆய்வாளர் பிரான்சிஸ் டே அதை இங்கே கொண்டுவர முயன்று பார்த்துச் சரிவராமல் போய், பிறகு மெட்ராஸ் அரசின் மீன்வளர்ப்பு நிபுணர் எச். சி. வில்சன் 1907இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்து வானவில் டிரவுட்டை நிலைக்கச் செய்தார். குளிர்ந்த தண்ணீர் இருந்தால்தான் அது பிழைக்கும், அதனால்தான் மேல்நீலகிரி ஓடைகளைத் தாண்டி அதை நம் பக்கம் அதிகம் பார்க்க முடியாது. மீன்வளத்துறை உரிமம் வாங்காமல் அங்கே தூண்டில் போடக்கூடாது, நல்ல ஓடைகள் பலவும் காப்புக்காட்டுக்குள்ளும் முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்குள்ளும் இருப்பதால் அங்கே போகலாமா, தூண்டில் போடலாமா என்று வனத்துறையிடமும் முதலில் கேட்டுவிட வேண்டும். இவ்வளவு சிரமப்பட்டுக் கையில் வரும் மீனைப் பழக்கமில்லாத கையால் குதறிவிடுவது எனக்குப் பொறுக்காது.

நல்ல வேளையாக ஆய்வதற்கு டிரவுட்டைப்போல் எளிதான மீன் இல்லை. செதில் பொடிப்பொடியாக இருப்பதால் உரச வேண்டாம், தோலோடு சாப்பிடலாம். மேலே வழுவழுப்பு இருக்கும், கொஞ்சம் கல்லுப்பைத் தேய்த்து அலசினால் கை பிடிக்கும். மீனை இடது கையில் மல்லாக்கப் பிடித்துக்கொண்டு, கத்தி முனையை வால்பக்கத் துவாரத்தில் ஒரு நெல் நீளத்துக்கு மட்டும் நுழைத்து, கத்தியின் கூர் மேலே பார்க்க, தாடைக்குக் கீழ் வரை இழுங்கள். முனை உள்ளே அதிகம் போனால் குடல் கிழிந்து உள்ளே இருப்பதெல்லாம் சதையில் படும், அதனால் தோலை மட்டும் தூக்கி அறுக்கிற மாதிரி போக வேண்டும். அப்புறம் கீழ்த்தாடைக்கும் செவுளுக்கும் நடுவில் இருக்கும் ஜவ்வை அறுத்து, அந்த ஓட்டையில் பெருவிரலை மாட்டி வால் பக்கமாக அழுத்தி இழுத்தால் செவுள், நெஞ்சுத் துடுப்பு, குடல் எல்லாம் ஒரே கொத்தாக வந்துவிடும். இது சரியாக வந்த முதல் தடவையே உங்களுக்கு இந்த வேலை பிடித்துப்போகும் என்பது என் அனுபவம்.

இதோடு முடிந்தது என்று நிறையப் பேர் அலசிவிட்டு வைத்துவிடுவார்கள். வயிற்றுக்குள் விரித்துப் பாருங்கள், முதுகெலும்பை ஒட்டி கருஞ்சிவப்பாக ஒரு கோடு தலையிலிருந்து வால் பக்கம் வரை போகும். ரத்தம் உறைந்து நிற்கிற மாதிரி தெரிந்தாலும் அது மீனின் சிறுநீரகம். மேலே மெல்லிய ஜவ்வு மூடியிருக்கும். அதைக் கத்தி முனையால் நீளவாக்கில் ஒரு கீறு கீறிவிட்டு, பெருவிரல் நகத்தால் வாலிலிருந்து தலை நோக்கி அழுத்தி வழித்தால் குழைந்து வெளியே வரும். நகம் போகாத இடுக்கில் சின்ன ஸ்பூன் நுனியோ பழைய டூத்பிரஷோ போதும். தண்ணீர் தெளிவாக ஓடி, எலும்பு வெள்ளையாகத் தெரிகிற வரை விடக்கூடாது. டிரவுட் கசக்கிறது, மண்ணாக அடிக்கிறது என்று புகார் வருகிறபோதெல்லாம் முதலில் நான் சந்தேகப்படுவது இந்தக் கோட்டைத்தான். மார்க்கெட்டில் அவசரத்தில் வெட்டுகிறவர்கள் இதை முழுசாக எடுப்பது அபூர்வம், அதுவும் நீங்களே செய்யப் பழக ஒரு காரணம்.

சரி, டிரவுட்டை ஃபில்லெட் போடலாமா? அளவைப் பொறுத்தது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, கால் கிலோவுக்குள் என்றால் வேண்டாம் என்பதுதான் என் முடிவு. பழகின கையே போட்டாலும் முழு மீன் எடையில் ஏறக்குறைய பாதிதான் சதையாகத் தேறும், புதுக் கைக்கு அதுவும் வராது, அவ்வளவு சின்ன மீனில் மிச்சம் என்ன இருக்கும்? குடல் எடுத்து, உப்பும் மிளகும் கொஞ்சம் எலுமிச்சையும் தடவி, தோசைக்கல்லில் முழுசாகப் போட்டு எடுங்கள். வெந்தபிறகு முதுகுத் துடுப்பைப் பிடித்து இழுத்தால் அடியில் இருக்கும் பொடி முள்ளோடு வந்துவிடும். முதுகு ஓரமாக விரலை ஓட்டினால் மேல்பக்கச் சதை தோலோடு பிரியும். அப்புறம் வாலைப் பிடித்து மெதுவாகத் தூக்கினால் நடுமுள் விலா முள்ளோடு முழுசாகக் கையில் வரும், கீழ்ப்பக்கச் சதை தட்டிலேயே தங்கிவிடும். கத்தியால் கஷ்டப்பட்டுச் செய்கிற வேலையை சூடு செய்து கொடுத்துவிடுகிறது, அதுவும் சதை கொஞ்சமும் வீணாகாமல். நாலாவது வழி என்று சொன்னது இதுதான்.

அரைக் கிலோவும் அதற்கு மேலும் உள்ள மீன் என்றால் கத்தி எடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. அப்போதும் அன்றைக்கே வேண்டாம். மீன் செத்துச் சில மணி நேரத்தில் விறைத்துக்கொள்ளும், விறைத்த மீனை வளைத்து நிமிர்த்திச் சதை எடுத்தால் அடுக்கடுக்காகப் பிளந்துவிடும். விறைப்பதற்கு முன்னால் அவசரமாக எடுத்தால் எடுத்தபிறகு சதை சுருங்கிக் கட்டியாகிவிடும். குடல் எடுத்த மீனை ஐஸிலோ ஃப்ரிட்ஜின் குளிர்ந்த தட்டிலோ ஒரு ராத்திரி வைத்து, மறுநாள் அது மறுபடியும் தளர்ந்தபிறகு எடுப்பதுதான் புதுக் கைக்கு நல்லது. குடலுக்கு அவசரம், சதைக்கு அவசரமே இல்லை.

எடுக்கும் விதம் சொல்கிறேன். செவுளுக்கும் நெஞ்சுத் துடுப்புக்கும் பின்னால், நடுமுள் தட்டுகிற வரை சாய்வாக ஒரு வெட்டு. அங்கே கத்தியை வால் பக்கம் திருப்பி, முதுகெலும்பின் மேல் படுக்க வைத்து, அறுப்பதைவிட வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி நீளமாக இழுக்க வேண்டும். விலா முள்ளைத் தாண்டும்போது கத்தியடியில் டிக் டிக் என்று ஒவ்வொன்றாக அறுபடும் சத்தம் கேட்கும், கேட்டால் சரியான ஆழத்தில் போகிறீர்கள். சத்தம் நின்று கத்தி லேசாகப் போக ஆரம்பித்தால் சதைக்குள் ஏறிவிட்டது என்று பொருள், கத்தியின் கூர்ப் பக்கத்தைக் கொஞ்சம் கீழே சாய்க்க வேண்டும். எடுத்த சதையில் விலா முள் ஒரு தட்டாக ஒட்டியிருக்கும், அதை அடியில் கத்தி கொடுத்துச் செதுக்கிவிடலாம். அப்புறம் நடுக்கோட்டில் விரலை ஓட்டினால் பொடி முள் நுனிகள் குத்தும். சின்னக் குறடால் அவற்றை ஒவ்வொன்றாக, தலை இருந்த பக்கம் சாய்த்து இழுக்க வேண்டும், நேராக மேலே இழுத்தால் சதையைப் பிய்த்துக்கொண்டு வரும்.

இந்தக் கைப்பக்குவம் டிரவுட்டில் பழக வேண்டியதில்லை. கோழிக்கோடு பக்கமிருந்து கூடலூர் வழியாக ஏறிவரும் அயிலை இருக்கிறதே, அது நல்ல பயிற்சி மீன். உருண்ட உடம்பு, பொடிச் செதில், நடுக்கோட்டில் முள், எல்லாம் டிரவுட்டுக்குப் பக்கத்தில் வரும், விலையும் தாங்கும். சதை கொஞ்சம் மென்மையாக இருப்பதால் அயிலையில் ஒழுங்காக எடுக்க வந்துவிட்டால் டிரவுட் சுலபமாகவே இருக்கும். கிழிந்துபோனதெல்லாம் குழம்புக்கும் புட்டுக்கும் ஆகும், ஒன்றும் வீணில்லை.

இப்போது கெண்டை. நம் ஏரிகளிலும் அணைகளிலும் எண்ணிக்கையில் அதிகம் இருப்பது இதுதான். இலங்கையிலிருந்து 1939இல் நீலகிரிக்குக் கொண்டுவந்து விட்ட கண்ணாடிக் கெண்டையிலிருந்துதான் இந்தியாவிலேயே சாதாக் கெண்டையின் கதை தொடங்குகிறது. அங்கங்கே நாலைந்து பெரிய செதில் மட்டும் கண்ணாடிச் சில்லு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் மீனைப் பார்த்திருப்பீர்கள், அதுதான். கொடைக்கானல் பக்கம் இருக்கிறவர்களுக்கும் கையில் கிடைப்பது பெரும்பாலும் கெண்டைதான் என்பதால் அவர்களும் இதைக் கொஞ்சம் நின்று படிக்கலாம். ஊட்டி ஏரி மீனைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: அந்த ஏரியில் ஊர்க் கழிவுநீர் கலக்கிறது என்பது பல காலமாக இருக்கும் புகார், அந்த மீனை நான் பழகுவதற்குக்கூட எடுக்கமாட்டேன்.

கெண்டையை ஃபில்லெட் போடப் பழகலாமா என்றால், வேண்டாம் என்று நேராகச் சொல்வேன். கையில் திறமை இருக்கிறதா இல்லையா என்பது இதில் விஷயமே இல்லை, அந்த மீனின் உடம்பு அப்படி. நடுமுள்ளும் விலா முள்ளும் போக, முதுகுச் சதைக்குள்ளும் வால் சதைக்குள்ளும் எலும்போடு ஒட்டாமல் தனியாக மிதக்கும் முட்கள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றும் நுனியில் கவட்டையாகப் பிரிந்திருக்கும். முதுகெலும்பை ஒட்டி எவ்வளவு அழகாகச் சதையை எடுத்தாலும் இந்த முட்கள் சதையோடேயே வந்துவிடும். குறடால் இழுத்தால் கவட்டை மாட்டிக்கொண்டு வராது. குழந்தைகளுக்கு முள்ளில்லாமல் கொடுக்கலாம் என்று நினைத்துக் கெண்டையை ஃபில்லெட் போடுவது ஆபத்துகூட, ஏனென்றால் முள் இல்லை என்று நம்பி வேகமாகச் சாப்பிடுவார்கள். ரோகு, கட்லாவுக்கும் இதேதான், எல்லாம் ஒரே குடும்பம்.

கெண்டைக்கு வேறு இரண்டு வழி உண்டு. ஒன்று, துண்டு போட்டுக் குழம்பு வைப்பது, பெரிய மீனாக இருந்தால் முள்ளும் பெரிதாகக் கைக்குத் தெரிகிறபடி இருக்கும், வயிற்றுப் பக்கத் துண்டில் அந்தக் கவட்டை முள் கிடையாது என்பதால் பிள்ளைகளுக்கு அதை ஒதுக்கிக் கொடுக்கலாம். இன்னொன்று, இரண்டு பக்கமும் தோலிலிருந்து நடுமுள் வரை மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில் நெருக்கமாகக் கீறிவிட்டு நல்ல சூடான எண்ணெயில் பொரிப்பது. முள் எல்லாம் துண்டு துண்டாக நறுங்கி, கீறலுக்குள் எண்ணெய் போய் மொறுமொறுப்பாகிவிடும், பல்லில் தெரியாது. இந்தக் கீறலுக்குக் கூர்மையான, கனமான சாதாரணக் கத்தியே போதும். வளையும் ஃபில்லெட் கத்தி இதற்கு ஆகவே ஆகாது.

கெண்டையை ஆயும்போது கவனம் முழுக்கப் பித்தப்பையில் இருக்க வேண்டும். டிரவுட் மாதிரி ஒரே கொத்தாக இழுக்கிற வேலை இங்கே வைத்துக்கொள்ளாதீர்கள். கெண்டைக்கு இரைப்பை கிடையாது, நீளமான குடல் சுருண்டு சுருண்டு ஈரலோடு பின்னிக்கிடக்கும், அந்த ஈரலுக்குள்தான் கரும்பச்சையாகப் பித்தப்பை புதைந்திருக்கும். நெஞ்சுப் பக்கம் கத்தியை ஆழமாக விட்டால் முதலில் உடைவது அதுதான், உடைந்தால் பட்ட இடமெல்லாம் பச்சையாகிக் கசக்கும், அந்த இடத்தைச் செதுக்கி எறிவதைத் தவிர வேறு வழியில்லை. அதனால் வயிற்றைத் திறந்ததும் விரலால் மொத்தத்தையும் தலைப் பக்கத்திலிருந்து தளர்த்தி, முழுசாக வெளியே எடுத்துவிட்டு, சினை இருந்தால் அப்புறம் தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பித்தப்பையை மருந்து என்று பச்சையாக விழுங்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கெண்டை இன மீன்களின் பித்தம் சிறுநீரகத்தையும் ஈரலையும் கெடுக்கும், ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்த சம்பவங்கள் மருத்துவத்தில் பதிவாகியிருக்கின்றன.

மண் வாடை பற்றியும் ஒரு வார்த்தை. குளத்திலும் அணையிலும் வளரும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள்தான் அந்த வாடைக்குக் காரணம், அது தோலிலும் தோலுக்கடியில் பக்கவாட்டில் ஓடும் கருஞ்சிவப்புச் சதையிலும் அதிகம் தங்கும். அமிலம் பட்டால் அது சிதையும். நம் வீடுகளில் ஆற்று மீனைப் புளித்தண்ணீரில் ஊறவைப்பதற்கும் புளிக்குழம்பாக வைப்பதற்கும் பின்னால் இருக்கும் வேதியியல் இதுதான்.

ஜிலேபியை நடுவில் வைக்கலாம். பவானிசாகர் பக்கமிருந்து மேட்டுப்பாளையம் வழியாக மேலே வரும். முதுகுத் துடுப்பு முள் கையைக் கிழித்துவிடும் என்பதால் முதலில் அதைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட வேண்டும். வயிற்றின் உள்பக்கம் இருக்கும் கறுப்பு ஜவ்வைக் கல்லுப்புப் போட்டுத் தேய்த்து எடுக்க வேண்டும். ஆனால் கவட்டை முள் கிடையாது, சதை கெட்டியாக இருக்கும், அதனால் ஃபில்லெட் பழக நல்ல மீன். மூன்றில் ஒரு பங்குதான் சதையாகத் தேறும் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு வாங்குங்கள். தலையையும் முள்ளையும் குழம்பில் போடுகிற வீடு என்றால் நஷ்டமில்லை.

இப்போது கருவிக்கு வருவோம். அரிவாள்மனையைப் பழசு என்று ஒதுக்குகிறவர்களோடு நான் சேரமாட்டேன். அலகு அசையாமல் நிற்கிறது, இரண்டு கையும் மீனைப் பிடிக்கக் கிடைக்கிறது; வழுக்குகிற கெண்டையின் தலையைத் துண்டிக்கவும் ஒரே அளவில் துண்டு போடவும் இதைப்போல் வசதி கிடையாது. அலகின் முதுகிலேயே செதிலும் சுரண்டலாம். ஆனால் அதில் ஃபில்லெட் எடுப்பது, தினமும் வெட்டுகிறவர்கள் செய்தாலும், புதிதாகப் பழகுகிறவருக்குச் சரிவராது. கத்தி மீனின் மேல் போவதற்குப் பதில் மீன் கத்தியின் மேல் போக வேண்டும், முள் எங்கே ஓடுகிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடியாமல் கையாலேயே கணிக்க வேண்டும். இன்னொன்று நம் ஊருக்கே உரிய விஷயம். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் நாட்களில் குழாய்த் தண்ணீரில் அஞ்சு நிமிஷம் மீன் அலசினால் விரல் மரத்துவிடும், மரத்த விரலோடு நிலையான அலகுக்கு எதிரே கையை ஓட்டுவது நல்லதில்லை. பக்கத்தில் ஒரு பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்துக்கொண்டு கையை மட்டும் அதில் நனைத்து நனைத்து வேலை செய்யுங்கள், மீனை அதில் போடாதீர்கள்.

கத்தி வாங்குவதாக இருந்தால் ஆறேழு அங்குல நீளத்தில், மெல்லிசாக, லேசாக வளைகிற அலகு. விலை உயர்ந்தது தேவையில்லை, கூர் தீட்டத் தெரிந்திருப்பது தேவை. இடது கைக்கு வெட்டுத் தாங்கும் கையுறை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், கத்தியைவிட அதற்குச் செலவு செய்தாலும் தப்பில்லை. பலகை வழுக்காமலிருக்க அடியில் ஈரத்துணி.

யாரிடம் பழகுவது? வீடியோ பார்த்துப் பழகலாம் என்பது எல்லோருக்கும் தோன்றும், தப்பும் இல்லை, ஆனால் நம் ஊர் வீடியோக்களில் வஞ்சிரமும் சங்கராவும்தான் அதிகம், வெளிநாட்டு வீடியோவில் நம் மீனைப்போல் நாலைந்து மடங்கு பெரிய மீனை வைத்திருப்பார்கள். கத்தி எந்தக் கோணத்தில் சாய்கிறது என்பது திரையில் சரியாகத் தெரிவதில்லை, அந்த டிக் டிக் சத்தமும் கேட்காது. மார்க்கெட்டில் வெட்டுகிறவர் பக்கத்தில் நின்று ஒரு கிலோ மீனை வெட்டச் சொல்லிப் பார்ப்பது அதைவிடப் பல மடங்கு மேல். "ஞாயித்துக்கெழம வந்து கேக்காதீங்க தம்பி, செவ்வாக்கெழம வாங்க, பொறுமையாக் காட்டறேன்" என்று ஒருவர் என்னிடம் சொன்னார், வியாபாரம் மந்தமான நாள் எது என்று உங்கள் மார்க்கெட்டிலும் கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்குப் போனால் இரண்டு மீனை அவர் வெட்ட, மூன்றாவதை உங்கள் கையில் கொடுத்துப் பார்க்கவும் நேரம் இருக்கும். வெட்டுக்கூலியைக் கேட்டதைவிடக் கொஞ்சம் கூடவே கொடுங்கள், அது அவர் பிழைப்பு. ஆய்வதற்கு மட்டும் என்றால் வீட்டில் அம்மாவோ அத்தையோ போதும், அவர்களைவிட நல்ல ஆசிரியர் கிடையாது.

அலசுவதிலும் ஒரு வித்தியாசம் உண்டு. துண்டு மீனை மஞ்சளும் உப்பும் போட்டு மூன்று நாலு தண்ணீர் மாற்றி அலசுவது நம் பழக்கம், கெண்டைக்கு அது சரி. ஃபில்லெட்டாக எடுத்த டிரவுட்டை அப்படி அலசினால் சதை தண்ணீர் குடித்து ருசி போய்விடும். முழு மீனாக இருக்கும்போதே நன்றாக அலசிவிட்டு, சதை எடுத்தபிறகு சுத்தமான துணியால் ஒற்றியெடுத்தால் போதும்.

கடைசியாக, எங்கே உட்கார்ந்து ஆய்வது என்ற கேள்வி. ஓடைக்கரையா, வீடா? குடல் எடுக்கும் வேலையை ஓடைக்கரையில், எடுத்த குடலை ஓடைக்குள் போடாமல். மேலே நாம் போடுவது கீழே குடிதண்ணீராகப் போகிற மலை இது, காட்டோரத்தில் விட்டுவிட்டு வருவதும் கூடாது. மூடி இறுக்கமான தூக்கு இரண்டு எடுத்துப் போங்கள், ஒன்றில் ஐஸும் மீனும், இன்னொன்றில் குடலும் செவுளும். பிளாஸ்டிக் பை இங்கே தடை என்பதால் தூக்குதான் எப்படியும் வசதி. வீட்டுக்கு வந்து அந்தக் கழிவைக் கொல்லையில் ஆழமாகக் குழி தோண்டிச் சாம்பலோ சுண்ணாம்போ போட்டு மூட வேண்டும். குன்னூர், கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்தை ஒட்டி வீடு இருக்கிறவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், கரடியும் காட்டுப்பன்றியும் மோப்பம் பிடித்து வீட்டுப் படி வரைக்கும் வருகிற ஊர்கள் அவை. குழி தோண்ட இடம் இல்லாத, தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடு என்றால் சின்ன மீன் ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கழிவை நன்றாகச் சுற்றி மறுநாள் குப்பை வண்டி வருகிற நேரத்துக்கு நேராக அவர்கள் கையில் கொடுங்கள், ராத்திரி வாசலில் வைக்காதீர்கள்.